இறக்கத்தில் நிறுத்திய கார்

எங்கள் வீட்டில் விடியல் என்றால் கட்டையை இழுப்பது. இருபது வருஷம் அப்படித்தான் விடிந்தது.

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளின் மேல் வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. வாசலைத் தாண்டினால் தோட்டத்துச் சாலை. சாலை என்றால் ஒரே இறக்கம். இரண்டு வளைவு வளைந்து கீழே ஓடைப் பாலம் வரைக்கும் போகும். பாலத்தைத் தாண்டியதும் மூச்சு வாங்கிக்கொண்டு கொஞ்சம் மேடேறும். இரண்டு பக்கமும் தேயிலை. எங்கள் பழைய காரை அந்த இறக்கத்தில், மூக்கு கீழே பார்க்க நிறுத்திவைப்போம். இடது முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டை. கட்டையில் ஒரு கயிறு. மலையின் இரவுக் குளிரில் பழைய பேட்டரி படுத்துவிடும், எழுந்திருக்காது. அதனால் விடிகாலையில் என் கணவர் உள்ளே உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, இரண்டாவது கியரைப் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். நான் கயிற்றை ஒரே இழுப்பு. கட்டை விலகும், கார் நகரும். கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஏறிக்கொள்வேன். முதல் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் கிளட்சை விடுவார். கார் ஒரு குலுக்குக் குலுக்கி, இருமி, உயிர் வந்து ஓடும்.

அந்த இருமலுக்கு முந்தைய சில நொடிகள்தான் எனக்கு இன்னும் கனவில் வருகின்றன. எஞ்சின் சத்தம் கிடையாது. டயர் ஈரத்தில் உருளும் ஒலி மட்டும். கண்ணாடிக்கு வெளியே பனி. தூக்கம் முழுசாகக் கலையாத கண்ணுக்கு, நாங்கள் நகர்கிறோமா, தேயிலை நகர்கிறதா என்றே தெரியாது. நான் வாயாடி. கோபம் வேறு மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் அந்த நேரத்தில் மட்டும் வேலை இருக்காது. பேசினால் எதுவோ கலைந்துவிடும் என்று இரண்டு பேருமே பேசாமல் வருவோம். இருமல் வந்ததும் நான் ஆரம்பித்துவிடுவேன். பேட்டரியை மாற்றுங்கள், மாற்றுங்கள் என்று இருபது வருஷம் சொன்னேன். இரண்டு தடவை மாற்றினார். மாற்றிய பிறகும் இறக்கத்தில்தான் நிறுத்தினார்.

அவர் இதே மலையிலுள்ள கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டியவர். சாயங்காலம் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு மலை இறங்கினால், விடிவதற்குள் பட்டணத்துச் சந்தையில் இறக்கிவிட்டு மறுநாள் திரும்புவார். இந்த மலையின் வளைவுகளைத் தன் உள்ளங்கை ரேகைபோல் அறிந்தவர் என்று மற்ற டிரைவர்களே சொல்வார்கள். நான் எஸ்டேட்டின் தேநீர்க் கடையில் கல்லாவில் நிற்பவள். சுற்றுலா வருகிறவர்கள் தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டே ஸ்கோன் ரொட்டியும் ஸ்ட்ராபெரி ஜாமும் தின்பார்கள். நான் அவர்களுடைய கார்டை வாங்கி இயந்திரத்தில் காட்டித் திருப்பிக் கொடுப்பேன். எட்டு மணி நேரமும் அடுத்தவர் கார்டு.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு மதியம், சோற்றில் குழம்பை ஊற்றப் போனவரின் இடது கையிலிருந்து கிண்ணம் நழுவியது. அவர் குனிந்து பார்த்தார். கிண்ணத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். பக்கவாதம். உயிர் தப்பியது. பேச்சும் தப்பியது. இடது கையும் இடது காலும் மட்டும் பாதித் தூக்கத்திலேயே நின்றுவிட்டன. கோலை ஊன்றி வீட்டுக்குள் நடப்பார். லோரி முதலாளி ஒரு பை ஆரஞ்சும் ஒரு உறையும் கொண்டுவந்து கொடுத்து, கண் கலங்கிவிட்டுப் போனார். லோரியை வேறு ஆள் ஓட்டினான். அதில் முதலாளியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முட்டைக்கோஸ் காத்திருக்காது.

அவர் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். காலையில் பனி ஏறுவதைப் பார்ப்பார், மத்தியானம் பனி இறங்குவதைப் பார்ப்பார். கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் இல்லை. மருத்துவமனையில் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் இடது கையால் பிசையச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தாள். அது கட்டிலுக்கு அடியில் உருண்டுபோய்க் கிடந்தது. பெருக்கும்போதெல்லாம் நான் எடுத்து வைப்பேன். மறுபடி கட்டிலுக்கு அடியில் போயிருக்கும்.

எனக்கு லைசன்ஸ் இருந்தது. பழைய காரை நானே ஓட்டி அவரை தானா ராத்தா மருத்துவமனைக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போனேன். பக்கத்து சீட்டில் அவர் கண்ணை மூடிக்கொண்டு வருவார். நான் கியர் மாற்றும்போது மட்டும் அவர் புருவம் சுருங்கும். பிறகு ஒருநாள், பூ வாங்க லெம்பா பெர்த்தாம் வரைக்கும் நான் தனியாகப் போன அன்று, ஏற்றத்தில் கியர்பெட்டி கடகடவென்று எதையோ மென்றது, கார் நின்றுவிட்டது. வர்க்‌ஷாப்காரன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இத செய்ற காசுக்கு வேற ஒன்னு வாங்கலாம்" என்றான். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். கட்டை மட்டும் என்னோடு பஸ்ஸில் வீடு திரும்பியது.

அதற்கப்புறம் அவர் பயிற்சிக்கு வரவில்லை. பக்கத்து வீட்டு வேனில் போகலாம் என்றால், "நாலு பேரு பாக்க என்னத் தூக்கி ஏத்தாத" என்பார். டாக்சி கூப்பிட்டால் அது வந்து நின்று, காத்திருந்து, காலியாகத் திரும்பும். டாக்சிக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்பேன். உள்ளே வந்து இவரிடம் கத்துவேன். அவர் பனியைப் பார்ப்பார். ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது வீட்டில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். நாற்காலி எது, ஆள் எது என்று சட்டென்று எனக்குத் தெரியவில்லை. பயந்துபோனேன். இந்த மனிதர் இப்படியே ஜன்னலில் கரைந்துவிடுவார், நான் கல்லாவில் நின்றுகொண்டிருக்கும்போது ஒருநாள் இல்லாமல் போய்விடுவார் என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த பயம் என்னை விட்டுப் போகவே இல்லை.

பயிற்சிக்குக் கடைசியாகப் போன தடவை அங்கே டாக்டரம்மா சொன்னது எனக்கு நினைவிருந்தது. கிளட்ச் இல்லாத கார் என்றால் இவர் ஓட்டலாம், வலது பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது, முதலில் எஸ்டேட் சாலைக்குள்ளேயே மெதுவாக ஓட்டிப் பழகட்டும் என்று மலாயில் என்னிடம் சொன்னார். இவர் காது கேட்காதவர்போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் நாற்காலிக்குக் கீழே அவருடைய வலது பாதம் தரையை மெல்ல இரண்டு தடவை அழுத்தியதை நான் பார்த்தேன்.

அந்தப் பாதத்துக்காகத்தான் கார் தேடினேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிய காருக்கு வங்கியில் கடன் கிடைக்காது. புதிய காருக்கு என் சம்பளம் காணாது. கையிருப்பெல்லாம் வைத்தியத்தோடு போயிற்று. மிச்சம் இருந்தது ஒரு கிரெடிட் கார்டு. அதை நான் வாங்கிய கதை கேவலமானது. பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் ஒரு வங்கிக்காரப் பையன் மேசை போட்டு, கார்டுக்கு மனுக் கொடுத்தால் பெரிய குடை இலவசம் என்றான். அன்றைக்கு மழை. குடைக்காகக் கையெழுத்துப் போட்டேன். என் போன் அதற்கு முந்தின நாள்தான் தேநீர்ச் சட்டியில் விழுந்து செத்திருந்தது. அதனால் மனுவில் கணவரின் நம்பரை எழுதிக்கொடுத்தேன். கார்டு வந்தது. அரிசி டின்னுக்குள் போட்டுவைத்தேன். நாலாயிரத்து அறுநூறு வெள்ளிப் பணம் வரைக்கும் எடுக்கலாம் என்று கடிதம் சொன்னது. விரலுக்கேத்த வீக்கம் போதும் என்று அதை நான் தொடவே இல்லை. குடையின் கம்பி ஒரே மாதத்தில் முறிந்துவிட்டது.

பிரிஞ்சாங்கில் நாங்கள் எப்போதும் தேநீர் குடிக்கும் உணவகம் இருக்கிறது. அதன் முதலாளியை அண்ணன் முறையில் நானா என்போம். தமிழ் முஸ்லிம் குடும்பம், அப்பா காலத்துக் கடை. அவருடைய மகள் படிக்க பினாங்குக்குப் போய்விட்டதால் அவள் ஓட்டிக்கொண்டிருந்த சிறிய வெள்ளைக் கார் கடைக்குப் பின்னால் சும்மா நின்றது. ஓட்டோ கார், கிளட்ச் கிடையாது. பின்கதவில் ஒரு நசுங்கல், சீட்டில் மசாலா வாசனை. நானா ஐயாயிரம் கேட்டார். நான் என் வீட்டு நிலைமையைச் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது, அதில் எனக்கு என் மேலேயே கோபம்.

"அழாத தங்கச்சி. நாலாயிரத்து ஐநூறு குடு. காசா இருக்கா?"

"காசு இருந்தா நான் ஏன் நானா இப்படி நிக்கிறேன். கார்டுதான் இருக்கு."

அவர் தலையைச் சொறிந்தார். கல்லாவைத் திரும்பிப் பார்த்தார். ரொட்டி சானாய்க்கும் நாசி கண்டாருக்கும் காசு வாங்குகிற கார்டு இயந்திரம் அங்கே கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"மெஷினு இருக்குலா," என்றார்.

நானாவுக்கு அது தப்பு என்று தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. கடையில் விற்கிற சாமானுக்குக் கடை மெஷினில் காசு வாங்குகிறோம், அவ்வளவுதானே. அரிசி மாவு ஒட்டியிருந்த கார்டைப் புடவை முந்தானையில் துடைத்துக் கொடுத்தேன். இத்தனை வருஷம் அடுத்தவர் கார்டை வாங்கிக் காட்டிய நான், என் கார்டு அந்தப் பிளவுக்குள் போவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு மூன்று பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இயந்திரம் யோசித்தது. பிறகு நீளமாக ஒரு சீட்டைத் துப்பியது. மேலே உணவகத்தின் பெயர், கீழே 'மீண்டும் வருக'. நானா எனக்கு ஒரு தே தாரிக் ஆற்றிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

அந்த வாரமே பெயர் மாற்றும் வேலையும் முடிந்தது. வீட்டில் எதுவும் சொல்லவில்லை. வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுச் சாவியை அவர் கையில் வைக்கவேண்டும், அவர் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று ஒரு கற்பனை வைத்திருந்தேன். ஆனால் கார்டு இயந்திரத்தில் போன அன்று சாயங்காலமே, நான் வீட்டுக்குள் நுழைந்ததும், ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது. கேட்காமலே அவர் பேசியது எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

"நாலாயிரத்து ஐநூறு வெள்ளிக்கு நானா கடையில என்ன சாப்பிட்ட?"

வங்கி அவர் போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தது. மனுவில் நான்தானே அவர் நம்பரை எழுதிக்கொடுத்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் போனே அடித்தது. வங்கியிலிருந்து ஒரு பெண். கார்டு திருட்டுப் போய்விட்டதா, உணவகத்தில் இவ்வளவு பெரிய தொகை விழுந்திருக்கிறதே, இது நீங்கள் செய்ததா என்று மலாயில் மிகப் பணிவாகக் கேட்டாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. வீட்டில் விருந்து என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் மனமார வாழ்த்துச் சொன்னாள். பன்னிரண்டு மாதத் தவணையாகக் கட்டலாமே என்று அவளே வழியும் சொன்னாள். நான் நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

"என்ன விருந்து?" என்றார் அவர்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஓட்டோவா? பொம்பள ஓட்டுற காடி" என்றார். திரும்பிக்கொண்டார்.

காரை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து நிறுத்தியபோது ஜன்னலிலிருந்தபடியே நம்பரைக் கூட்டிப் பார்த்தார். எட்டு வந்தது. எட்டு சனியின் எண், நம் ஆட்கள் யாராவது எட்டில் வண்டி வாங்குவார்களா, எட்டுதான் ராசி என்கிற ஒரு சீனனிடம் கொடுத்தால் அதே நம்பருக்குக் கூடக் காசு கொடுத்து வாங்குவான் என்றார். சனி எதற்குப் புதிதாக வரவேண்டும், ஏற்கெனவே வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறதே என்று சொல்லிவிட்டேன். சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இரவு முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. அவருக்கும் வரவில்லை என்று மூச்சிலிருந்து தெரிந்தது.

மூன்று வாரம் அந்தக் கார் வாசலில் நின்றது. நான் வேலைக்கு ஓட்டிப்போனேன். அவர் தொடவில்லை. அதன் பேட்டரியும் பழையதுதான். காலையில் இரண்டு மூன்று தடவை கெஞ்சினால்தான் எழும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுவானேன் என்று யாரும் கேட்கலாம். கார்டு நிரம்பிவிட்டது, அங்குசம் அடுத்த சம்பளத்தில்தான். அதுவரைக்கும் நான் கை பழகியபடி செய்தேன். இறக்கத்தில் மூக்கு கீழே பார்க்க நிறுத்தினேன். இடது முன்சக்கரத்துக்குக் கட்டையை வைத்தேன். கயிற்றின் நுனியை இடது பக்கக் கண்ணாடியில் மாட்டினேன்.

பயிற்சிக்கு மறுபடி தேதி வந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டேன். அவர் வரமாட்டேன் என்றார். அன்றைக்கு நான் கத்தியது கீழ் வரிசை வீடுகள்வரைக்கும் கேட்டிருக்கும். நீங்கள் வராவிட்டால் நானே போய் அந்தப் பயிற்சிக் கட்டிலில் படுத்துக்கொண்டு காலை ஆட்டுகிறேன் என்றேன். கடைசியில், கோபத்துக்குப் பயந்து இல்லை, சத்தத்துக்கு வெட்கப்பட்டு, கோலை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். உட்காரும்போது நான் உதவவில்லை. வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தேன்.

நல்ல பனி. பாலம் தெரியவில்லை, முதல் வளைவே தெரியவில்லை. தேயிலை வரிசைகள் பத்தடி தூரத்தில் கரைந்துபோயிருந்தன. சாவியைத் திருப்பினேன். டிக் என்றது. மறுபடி டிக். விளக்கு எரிந்தது, எஞ்சின் எழவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் இடது கண்ணாடியில் தொங்கிய கயிற்றைப் பார்த்தார். இருபது வருஷத்துக் காலைகளும் எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. என் கை தானாகப் போய் கியரை நடுவில், சும்மா உருளும் இடத்தில் வைத்தது. கையால் நிறுத்தும் பிரேக்கை இறக்கியது. என் தலை தானாக ஆடியது, அவர் முன்பு ஆட்டுவாரே அதே மாதிரி.

அவர் ஜன்னலை இறக்கினார். வலது கையைக் குறுக்கே நீட்டிக் கயிற்றைப் பிடித்தார். ஒரே இழுப்பு.

கார் நகர்ந்தது.

சத்தமே இல்லை. எத்தனை மாதம் கழித்து அந்த ஒலி, ஈரத்தில் டயர் உருளும் ஒலி. பனி வழிவிட்டு வழிவிட்டுப் பின்னால் மூடிக்கொண்டது. திறந்த ஜன்னல் வழியாகத் தேயிலையின் பச்சை வாசனை உள்ளே வந்தது. தூரத்தில் ஒரு பறவை ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் வாய் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்தச் சில நொடிகள் எனக்கு எதுவுமே நடக்கவில்லை. கிண்ணம் நழுவவில்லை. லோரி வேறு ஆளிடம் போகவில்லை. இருமல் இப்போது வரும் என்று நான் காத்திருந்தேன்.

முதல் வளைவுக்கு முன்னால், ஓடும் கியருக்குத் தள்ளினேன். இருமல் வரவில்லை. எதுவும் வரவில்லை. சாவியைத் திருப்பினேன், டிக். பிரேக்கை மிதித்தேன், எஞ்சின் ஓடாததால் அது இறுகி, கால் கல்லை மிதித்ததுபோல் நின்றது. ஸ்டியரிங் ஒரு ஆள் எதிர்ப்பக்கம் பிடித்து இழுப்பதுபோல் கனத்தது. கிளட்ச் இல்லாத காரை உருட்டி ஸ்டார்ட் பண்ண முடியாது என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. இத்தனை வருஷம் மலையில் இருந்தும், ஒரு கார் எப்படி எழுகிறது என்று நான் யோசித்ததே இல்லை. கட்டையை எடுத்தால் எழும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"போவுதுங்க, நிக்க மாட்டேங்குது," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"ஓடட்டும்," என்றார். "கியர நடுவுல வைய்யி. ரெண்டு கையும் ஸ்டியரிங்ல. பயந்து திருப்பாத."

அவருடைய வலது கை எங்கள் நடுவிலிருந்த கைப்பிரேக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. கட்டைவிரல் அதன் முனைப் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது. கொஞ்சம் இழுத்தார், விட்டார். இழுத்தார், விட்டார். கார் முரண்டு பிடிக்காமல், ஒவ்வொரு தடவையும் ஒரு சொல் கேட்டு அடங்கியது.

"எடது. இன்னும். இப்ப நேரா விடு. வளைவு முடியட்டும்."

எனக்கு எதிரே பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. முன்கண்ணாடியைக்கூட அவர் பார்க்கவில்லை, சாலையின் சாய்வை உட்காரும் இடத்தாலேயே அறிந்துகொண்டிருந்தார். பின்னால் டொக் டொக் என்று ஏதோ சத்தம் கூடவே வந்தது. கட்டை. கயிற்றை அவர் விடவில்லை, கட்டை ஆட்டுக்குட்டிபோல் எங்கள் பின்னால் துள்ளி வந்துகொண்டிருந்தது. பனிக்குள்ளிருந்து தேயிலை வெட்டும் இயந்திரத்தைச் சுமந்துகொண்டு நாலைந்து வங்காளதேசத்துத் தொழிலாளிகள் வந்தார்கள். சத்தமில்லாமல் ஒரு கார் மிதந்து வருவதைப் பார்த்து ஓரமாக ஒதுங்கினார்கள். ஒருவன் நெற்றியில் கை வைத்து சலாம் போட்டான். இவர் தலையை அசைத்தார். அப்படியே மறைந்துபோனார்கள்.

"வலது. மெதுவா. பாலம் வருது."

பாலத்துப் பலகை சக்கரத்தின் கீழ் தடதடத்தது. ஓடையின் குளிர் முகத்தில் அடித்தது. பிறகு மேடு. கார் தானாகவே வேகம் குறைந்து, குறைந்து, இனி ஏற மனமில்லை என்று நின்றது. பின்னால் உருளப் போகும் அந்த நொடியில் அவர் கைப்பிரேக்கை முழுதாக இழுத்தார்.

நான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் பக்கம் திரும்பினேன். வலது கை கைப்பிரேக்கில் இருந்தது. அப்படியென்றால் கயிறு? கயிறு இடது கையில் இருந்தது. இரண்டு சுற்றுச் சுற்றிய கயிற்றை ஐந்து விரலும் மடங்கி, முட்டி வெளுக்கப் பிடித்துக்கொண்டிருந்தன. பந்தைத் தொடாத விரல்கள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. நான் வாயாடி, ஆனால் அன்றைக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் விட்டுவிடுவாரோ என்று பயம்.

எஸ்டேட் ஜீப் அந்தப் பக்கம் வர அரை மணி நேரம் ஆயிற்று. அதன் டிரைவர் கம்பியைக் கொண்டுவந்து இரண்டு பேட்டரியையும் இணைத்தார். எங்கள் கார் எழுந்தது. ஜீப்காரர் போனதும் இவர் என்னைப் பார்த்து, "எறங்கு" என்றார்.

இறங்கினேன். கட்டையை எடுத்துக்கொண்டேன். அவர் கோலை ஊன்றி, பானெட்டில் கை வைத்து, முன்பக்கமாகச் சுற்றி வந்தார். மெதுவாகத்தான் வந்தார். ஓட்டும் சீட்டில் உட்கார்ந்து, இடது காலை வலது கையால் தூக்கி உள்ளே வைத்தார். சீட்டைப் பின்னால் தள்ளினார். கண்ணாடியைத் திருத்தினார். எட்டில் வந்த நம்பரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கட்டையை மடியில் வைத்துக்கொண்டு நான் என் பழைய இடத்தில் ஏறிக்கொண்டேன்.

எஸ்டேட் வாசல்வரைக்கும் ஓட்டினார், நடந்து போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போகும் வேகத்தில். டாக்டரம்மா சொன்னதற்கு மேல் ஒரு அடி போகவில்லை. பெரிய சாலையைத் தொடுகிற இடத்தில் நிறுத்தினார். காய்கறி லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் ஒவ்வொன்றையும் பார்த்தார். ஒன்று ஹாரன் அடித்தது, இவரும் அடித்தார்.

"தெரியும்லா," என்றார்.

"என்ன தெரியும்?"

"ஓட்டோ காடி உருட்டுனா ஸ்டார்ட் ஆவாதுன்னு. லோரிக்காரனுக்கு இதுகூட தெரியாதா."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் காது சூடாகிவிட்டது.

"தெரிஞ்சிக்கிட்டேதான் கட்டைய இழுத்தீங்களா?"

"ரொம்ப நாளாச்சு, சும்மா உருண்டு," என்றார் லோரிகளைப் பார்த்தபடியே. "அந்த ரெண்டு வளைவு."

நான் கத்தினேன். இன்னது சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. பாலத்தில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், தலை போயிருந்தால் தவணையை யார் கட்டுவது, நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா என்றெல்லாம் கேட்டேன். கடைசியில் மூச்சு வாங்கியது. அவர் முழுதாகக் கேட்டு முடித்தார்.

"எதுக்கு பயப்படுற," என்றார். "நான் பக்கத்துலதான இருந்தேன்."

எட்டு மாதமாக அவர் என் வீட்டில்தான் இருந்தார். பக்கத்தில் இருந்தேன் என்று அவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அழுதேன். ஒரு வெள்ளை லோரி முழுக்க மறைகிற வரைக்கும் அழுதேன், பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினேன். இடம் மாற்றிக்கொண்டோம். பெரிய சாலையில் நான் ஓட்டினேன். அவர் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையில் கயிற்றைச் சுற்றியபடி, கண்ணைத் திறந்துகொண்டு வந்தார்.